காடாம்புலியூரில் ஒரு போதை ஆய்வு: பெண்கள், இளையோர், பால்புதுமையினர் பற்றிக் கேட்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 0.3 சதவீதம், அதாவது ஆயிரம் பேருக்கு மூன்று பேர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெண்கள் இருந்தார்கள், ஒரு திருநங்கையும் இருந்தார். கணக்கெடுப்புக்காரர் படிவத்தோடு வாசலில் வந்து நின்ற நாளில் அந்தப் பெண்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? உள்ளே மாமியார் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது எந்த மருமகள் "ஆமாம்" என்பாள்? திருநங்கை உண்மையைச் சொல்லியிருந்தாலும் வெளியான கணக்கில் அவருக்குத் தனி இடமில்லை. அட்டவணையில் ஆண், பெண் என்று இரண்டே வரிசைதான்.

போதைப் பயன்பாட்டை ஆராயக் கிளம்பும் பலர் நல்ல கேள்வித்தாள் இருந்தால் நல்ல பதில் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். யார் கேட்கிறார், எங்கே வைத்துக் கேட்கிறார், சொன்ன பதில் பிறகு யார் கைக்குப் போகும் என்பவற்றைப் பொறுத்தே பதில் அமைகிறது. சமூகப்பணி மாணவர், செவிலியர் கல்லூரி மாணவி, தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். களம் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் இருக்கும் காடாம்புலியூர்.

படி 1: எண்ணப் போகிறீர்களா, புரிந்துகொள்ளப் போகிறீர்களா?

முதல் வேலை இதை முடிவு செய்வது. "எத்தனை பேர்?" என்பது ஒரு கேள்வி. "ஏன், எப்படி, எப்போது தொடங்கியது, உதவி கேட்டுப் போனால் என்ன நடக்கிறது?" என்பது வேறு கேள்வி. புதிதாக வருகிறவர் எல்லோரும் முதல் கேள்விக்கே தாவுவார்கள். அது பெரும்பாலும் வீண் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 சதவீதம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், 300 பெண்களிடம் கேட்டால் மது அருந்துபவர் ஒருவர் கிடைப்பார், அல்லது கிடைக்க மாட்டார். அந்த ஒருவரை வைத்து என்ன எழுத முடியும்? புகையிலை என்றால் கதை வேறு. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களின் புகையிலைப் பழக்கம் 4.9 சதவீதம். சுமார் 5 சதவீதம் என்று எதிர்பார்த்து, 2 சதவீதப் புள்ளி பிழைக்குள் சொல்ல வேண்டுமானால், வழக்கமான சூத்திரப்படி 457 பேர் வேண்டும். ஆள்பலம் இருந்தால் ஒரு பருவத்தில் முடியக்கூடிய வேலைதான்.

என் யோசனை: பெண்களின் மது, மாத்திரைப் பழக்கம் என்றால் இருபது முப்பது பேரோடு ஆழமாகப் பேசுங்கள். புகையிலை என்றால் எண்ணுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வில் திணிக்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். "பெண்களும் மதுவும்" என்றதும் நம் ஊரில் எல்லோரும் குடிகாரக் கணவனின் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது பெரிய விஷயம், ஆனால் வேறு விஷயம். குடிப்பவரின் மனைவியும் குடிக்கும் பெண்ணும் ஒரே ஆளாகவே இருக்கலாம். அதனால் இரண்டையும் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள், தனித்தனியாக எழுதுங்கள்.

படி 2: ஏற்கெனவே எண்ணியவர்களைப் படியுங்கள்

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம், மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், 10 முதல் 75 வயது வரை 4,73,569 பேர். நாடு முழுக்க ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் மது அருந்துவதாக அதில் வந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். முகரும் போதைப் பொருட்கள் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம்: 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர், தின்னர் ஆகியவை இந்தக் கணக்கில் வரும்.

அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது அதன் முறை. ஹெராயின் போன்ற சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்கள் வீட்டுக் கணக்கெடுப்பில் சிக்கமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் பழக்கம் உள்ளவர்கள் மூலமாகவே அடுத்தவரைத் தேடிப்போகும் வேறொரு வழியில் 72,642 பேரைத் தனியாகப் பார்த்தார்கள். அந்த வழியைப் படி 5-இல் சொல்கிறேன்.

பெண்களுக்கென்று 2002-இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனப் பேராசிரியர் பிரதிமா மூர்த்தி எழுதிய அறிக்கை, குழந்தைகளுக்கென்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்காக 135 இடங்களில் 4,024 பேரைச் சந்தித்து 2013-இல் வெளியான அறிக்கை ஆகிய இரண்டையும் படித்துவிடுங்கள். திருநங்கையரைப் பற்றி இந்தியாவில் கிடைக்கும் தரவில் பெரும்பகுதி எச்ஐவி தடுப்புத் திட்டங்கள் வழியாக வந்தது. அதனால் அது ஒருபக்கமாகச் சாய்ந்தே இருக்கும். திருநம்பிகள் அதில் அநேகமாக இல்லவே இல்லை.

படி 3: ஊரைச் சுற்றுங்கள், வாயைத் திறக்காமல்

காடாம்புலியூர் முந்திரி ஊர். சாலையோரம் நெடுக முந்திரிக் கடைகள், உள்ளே தள்ளி முந்திரி உடைக்கும் கொட்டகைகள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும், விரல் நுனிகள் கறுத்துப்போகும். கூலி உடைத்த எடைக்குத்தான். ஒரு மணி நேரம் உங்களோடு பேசினால் ஒரு மணி நேரக் கூலி போய்விடும். இதைப் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுங்கள். இழந்த கூலியை ஈடுகட்டுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. ஆனால் ஆசை காட்டுவதுபோல் தொகை பெரிதாக இருக்கக்கூடாது.

வடகிழக்கே புதுச்சேரி எல்லை. அங்கே மது விலை குறைவு, சாராயக்கடைக்கு உரிமமும் உண்டு. தெற்கே நெய்வேலி. நகரியத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தர ஊழியர் குடும்பங்கள், சுற்றியுள்ள ஊர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்ட் வேலையும் ஒப்பந்த வேலையும் வீட்டின் தூக்கத்தையும் பணத்தையும் எப்படி மாற்றுகின்றன என்று பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைகளையும் பாருங்கள். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்துவிட்டது. தடைக்குப் பிறகும் கூல் லிப் புகையிலை பையன்களின் சட்டைப்பையில் இருக்கிறது, ஹான்ஸ் புகையிலையும் கிடைக்கிறது.

பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். முந்திரி அறுவடையில் இருப்பவருக்கு உங்கள் படிவம் தொந்தரவு. அதே சித்திரையில்தான் பக்கத்து மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவும் வரும். இத்தனை திருநங்கையர் ஓரிடத்தில் கூடுகிறார்களே என்று படிவக் கட்டோடு அங்கே ஓடாதீர்கள். திருவிழாவுக்கு வந்தவரிடம் கேட்டு வாங்கும் தகவல் திருவிழா நாளைப் பற்றியதாகவே இருக்கும். மற்ற நாட்களில் அவர் எப்படி இருக்கிறார் என்பது அதில் வராது. போதாததற்கு ஒலிவாங்கி நீட்டும் கூட்டம் அங்கே ஏற்கெனவே அதிகம்.

படி 4: வாக்குறுதி கொடுக்கும் முன் சட்டத்தைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறரை ஆபத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. உங்கள் நிறுவனத்தில் குழு இல்லையென்றால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகக் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளைக் குழு கேட்கும் முன்பே படித்துவையுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் எழுத்தில். ஆனால், "உங்கள் மகள் போதை மாத்திரை போடுகிறாளா என்று கேட்கப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று அப்பாவிடம் நீட்டினால் அன்று இரவு அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும்? இத்தகைய இடங்களில் பெற்றோர் சம்மதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். முடிவு குழுவுடையது.

அடுத்தது ரகசியம். அமெரிக்காவில் ஆய்வுத் தரவை நீதிமன்றமும் போலீஸும் கேட்டுப் பெற முடியாதபடி காக்கும் சான்றிதழ் ஒன்று உண்டு. இங்கே அதற்கு இணையாக ஒன்றுமில்லை. உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டால் கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம். அதனால் கொடுக்கக்கூடாதது எதுவும் நோட்டில் இருக்கக்கூடாது. பெயர், தெரு, செல்போன் எண் எதுவும் வேண்டாம். "எங்கே வாங்கினீர்கள், யார் விற்றார்கள்" என்ற கேள்வியே வேண்டாம். அது போலீஸ் கேள்வி. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) பிரிவு 27 பயன்பாட்டையே குற்றமாக்குகிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, முழு ரகசியம் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் தனக்குப் பாலியல் வன்முறை நடந்ததாகச் சொன்னால், போக்சோ சட்டம் (2012) பிரிவு 19-இன்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். பேச்சைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்ம்மா. ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா சொல்லித்தான் ஆகணும், அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." கையெழுத்துப் படிவத்தின் ஆறாவது பத்தியில் புதைத்து வைப்பதைவிட இந்த இரண்டு வரி நேர்மையானது.

படி 5: ஆட்களைத் தேடுவது

பெண்களைச் சந்திக்க நூறு நாள் வேலைத்தளம், மகளிர் சுய உதவிக் குழு, கிராம சுகாதார செவிலியர் என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் ஒரே சிக்கல்: எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். குழுத் தலைவி "வாங்கடி" என்று கூப்பிட்டால் மறுக்க முடியாது. அவர் கூப்பிட்டு வந்தவர் உண்மை பேசவும் முடியாது. அறிமுகத்துக்கு மட்டும் அவர்களைப் பயன்படுத்துங்கள், பேச்சை வேறிடத்தில் வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தனி அறை கிடைத்தால் நல்லது. உடம்பு சரியில்லை என்று போய்வந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் குழுக்களுக்கு, 1997-இல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் முன்வைத்த முறை உதவும். பழக்கம் உள்ள சிலரிடம் பேசி, ஆளுக்கு மூன்று சீட்டுகள் கொடுக்கிறீர்கள். அவர்கள் தமக்குத் தெரிந்த மூவருக்குக் கொடுக்கிறார்கள். சீட்டோடு வருபவரிடம் பேசி மறுபடி மூன்று சீட்டு. பெயர் யாரும் சொல்ல வேண்டியதில்லை, வர விருப்பமில்லாதவர் சீட்டைக் கிழித்துப் போடலாம். "இந்தப் பழக்கம் உள்ளவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்தால், நிறையப் பேரைத் தெரிந்தவர்களின் பக்கம் கணக்குச் சாய்வதைப் பின்னால் சரிசெய்யலாம்.

திருநங்கையரிடம் இந்தச் சீட்டு ஜமாத் என்ற அவர்களின் சமூக அமைப்பு வழியாகவே நகரும். மூத்தவரின் ஒப்புதல் இல்லாமல் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் அங்கே அம்மா முறையில் இருக்கும் மூத்தவர் கொடுத்த சீட்டை மகள் முறையில் இருப்பவர் மறுப்பது கடினம். எனவே மூத்தவரிடம் அனுமதி மட்டும் கேளுங்கள், சீட்டுகளை அவர் கையில் கொடுக்காதீர்கள். ஜமாத்தில் இல்லாதவர்கள், வீட்டோடு இருக்கும் திருநம்பிகள் இந்த வலையில் விழமாட்டார்கள். அவர்களுக்கு இணையவழிப் படிவமே கைகொடுக்கும். பாலினத்தை இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்: பிறந்தபோது என்னவென்று பதிந்தார்கள், இப்போது உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள். மூன்றாவது கட்டமாக "மற்றவை" என்று மட்டும் போட்டால் முகத்தில் அடித்தது போலாகும்.

படி 6: கேள்வித்தாளை ஊர் மொழிக்கு மாற்றுங்கள்

புதிதாகக் கேள்வி தயாரிக்க வேண்டாம். மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (10 கேள்விகள்), எல்லாப் பொருட்களுக்கும் அதே நிறுவனத்தின் அசிஸ்ட் (8 கேள்விகள்), 12 முதல் 21 வயதுக்கு கிராஃப்ட் என்று சோதித்துப் பார்த்தவை இருக்கின்றன. ஆடிட்டில் 8 மதிப்பெண் எடுத்தால் எச்சரிக்கை எல்லை. பெண்களுக்கு அதை 7 ஆகக் குறைக்கலாம் என்று கையேடே சொல்கிறது. அதே அளவு குடித்தாலும் பெண் உடலில் ரத்தத்தில் ஏறும் மதுவின் அளவு கூடுதல்.

சிக்கல் அளவில் வரும். ஆடிட் கேட்பது 10 கிராம் சுத்த மதுவை ஒன்றாக எண்ணும் 'டிரிங்க்'. இங்கே யாரும் டிரிங்க் கணக்கில் குடிப்பதில்லை. 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீத மது என்றால் உள்ளே சுமார் 61 கிராம், ஆறு டிரிங்க். அதில் பாதியான கட்டிங் என்றால் மூன்று. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் நான்கு. இந்தக் கணக்கை அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, "குவாட்டரா, கட்டிங்கா?" என்று கேளுங்கள். "ரெண்டே ரெண்டு" என்று சொல்பவர் இரண்டு குவாட்டரைச் சொல்கிறார் என்றால் அது பன்னிரண்டு.

கிராஃப்டின் முதல் கேள்வி, போதையில் இருந்தவர் ஓட்டிய காரில் போனதுண்டா என்பது. நம் பிள்ளைகளுக்கு அது பைக்: "குடிச்சிருந்தவர் ஓட்டின வண்டியில பின்னாடி உக்காந்து போயிருக்கியா?" மாத்திரை பற்றிக் கேட்கும்போது "போதை மாத்திரை" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "உடம்பு வலிக்கு, தூக்கத்துக்கு டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கிப் போடறது உண்டா?" என்றால் பேச்சு வளரும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து உடைப்பவரின் இடுப்பு வலியிலிருந்து இது தொடங்கியிருக்கலாம்.

வயதானவர்களிடம் இன்னும் எளிது. "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்றால் ஆயா தலையை ஆட்டிவிடுவார். இப்படிக் கேளுங்கள்:

"ஆயா, வெத்தல போடுவீங்களா?"

"அது இல்லாம எப்படிம்மா?"

"கூட என்ன சேப்பீங்க?"

"பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் போயிலை."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"வாய் எப்ப சும்மா இருக்கு?"

படிவத்தில் "இல்லை" என்று விழுந்திருக்க வேண்டிய பதில் இது.

படி 7: காசு சுண்டி உண்மையை வாங்குவது

முகத்துக்கு நேரே சொல்ல முடியாத விஷயத்துக்கு 1965-இல் ஸ்டான்லி வார்னர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். அதன் எளிய வடிவம் இது. பெண்ணின் கையில் ஒரு ரூபாய்க் காசு கொடுங்கள். நீங்கள் பார்க்காதபடி சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால், கேள்வி என்னவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆமாம்" என்ற பதில் காசு சொன்னதா அவர் சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

400 பேர் சுண்டினால் ஏறத்தாழ 200 பேர் காசுக்காக "ஆமாம்" சொல்வார்கள். மொத்தம் 220 "ஆமாம்" வந்தால், மிச்சம் 20 பேர் உண்மை சொன்ன 200 பேரிலிருந்து வந்தவர்கள். ஆக 10 சதவீதம். பாதிப் பேரின் பதிலை வீசிவிடுகிறோம் என்பதால் பிழை கூடும், அதனால் ஆளும் அதிகம் வேண்டும். விளையாட்டுப் போல் இருப்பதால் கொட்டகையில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் பாதிக் கூச்சம் போய்விடும். தொடங்கும் முன் "காலைல இட்லி சாப்பிட்டீங்களா?" போன்ற கேள்வியில் இரண்டு முறை பழக்கிவிடுங்கள். தலை விழுந்தும் "ஐயோ, நான் அப்படியில்ல" என்று பதறுபவர் எப்போதும் இருப்பார். இளையோருக்கு இதைவிடச் செல்போனில் காதுக்கருவி வழியே கேள்வி கேட்டு, திரையில் தொட்டுப் பதில் வாங்குவது ஒத்துவரும்.

படி 8: உதவியின் முகவரி இல்லாமல் கேள்வி கேட்காதீர்கள்

ஒருவர் அழுதுகொண்டே "நிறுத்தணும்னு நெனக்கிறேன்" என்று சொன்னால் அடுத்து என்ன? இதற்குப் பதில் தயாராகும்வரை களத்துக்குப் போகாதீர்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநலத்துக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எண் எழுதிய சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதே சிலருக்கு ஆபத்து என்பதால், ரத்த அழுத்தம், சர்க்கரை உட்பட எல்லா உதவி எண்களும் உள்ள பொதுச் சீட்டாக அடியுங்கள்.

கடலூர் அரசு மருத்துவமனைக்கு நீங்களே ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவாருங்கள்: பெண்ணைச் சேர்த்துக்கொள்வீர்களா, கைக்குழந்தையோடு வந்தால்? திருநங்கை வந்தால் எந்த வார்டில் படுக்கை? சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை போன்ற இடங்கள் இருந்தாலும், முந்திரி உடைக்கும் கூலியை விட்டுச் சென்னையில் வாரக்கணக்கில் தங்க யாரால் முடியும்? உங்களுக்குக் கிடைக்கும் பதில்களும் ஆய்வுத் தரவுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: எழுதும்போது

அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணை வெளியிடாதீர்கள். "30–35 வயது, திருநங்கை, முந்திரிக் கொட்டகை, 1" என்று அச்சில் வந்தால் ஊரே பெயர் சொல்லிவிடும். ஊரின் பெயரை எழுதலாமா என்று பேசியவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் "பண்ருட்டி வட்டத்தில் ஒரு ஊர்" போதும். பத்திரிகைக்காரர் போன் செய்து "எத்தனை சதவீதம் பெண்கள் குடிக்கிறாங்க சார்?" என்று கேட்பார். முப்பது பேரோடு பேசிய ஆய்வில் சதவீதமே கிடையாது என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள், மறுநாள் தலைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியதும் அழித்துவிடுங்கள். அறிக்கையைக் கல்லூரியில் கொடுக்கும் முன், பேசியவர்களில் வர விரும்புபவர்களைக் கூட்டிப் படித்துக்காட்டுங்கள். "இத நாங்க இப்படிச் சொல்லல" என்று அவர்கள் மறுக்கும் பக்கங்களை அன்றே திருத்துங்கள்.